கடலை முதலில் காட்டுவது யார்

என் சகலை அந்த வண்டியைக் கொண்டுவந்து அம்மா மண்டபம் சாலையில் நிறுத்தியபோது நான் முதலில் பார்த்தது படியைத்தான். பதினெட்டு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் எந்த வண்டியைக் கண்டாலும் படியைத்தான் பார்ப்பான். எத்தனை பேர் தொங்குவார்கள் என்று கண் தானாக அளந்துவிடும். இந்த வண்டிக்குப் படியே இல்லை என்று நினைத்தேன். டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினார். உள்ளேயிருந்து ஒரு படி நழுவி வெளியே வந்து என் காலடியில் நின்றது. அந்த நிமிஷமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். மாமியார் வீட்டுப் பந்தியில் எனக்கு இலை போட்ட பிறகுதான் தான் உட்காருவார். குடி கிடையாது, வாய்த்துடுக்கு கிடையாது. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனிதர்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். பிடித்துக்கொள்ள எதையாவது கை தேடும், எதுவும் அகப்படாது.

வண்டியின் பெயர் கேரவன். எங்கள் தெருவுக்குள் அது நுழையாது என்பதால் சாலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் செய்தி பரவி, எந்த நடிகர் வந்திருக்கிறார், எங்கே ஷூட்டிங் என்று கேட்டுக்கொண்டு கூட்டம் சேர்ந்துவிட்டது. நடிகர் இல்லை, நம்ம கண்டக்டரோட சகலைதான் என்று தெரிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஏறிப் பார்த்தார்கள். உள்ளே இரண்டு சோபா, இழுத்துவிட்டால் படுக்கை. சின்ன அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கையலம்பத் தொட்டி, கதவு போட்ட கக்கூஸ். என் மனைவி தொட்டிக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். எங்கள் வீட்டில் குழாயே இல்லாத மாதிரி.

"ஏங்க, தண்ணி வருதுங்க" என்றாள் என்னிடம்.

"குழாயில தண்ணி வராம மோரா வரும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள்.

ஆனால் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் குழாயும் இல்லை, படியும் இல்லை. அது என் மகளைப் பற்றியது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கடலைப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று நாலு பக்கமும் ஆறு சூழ்ந்த ஊரில் பிறந்தவள், தண்ணீருக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெண், கடலுக்கு அந்தக் கரையே இல்லை என்று சொல்லிவிட்டாள். என் மகளால் அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கரை இல்லாமல் எப்படி ஒரு தண்ணி நிற்கும் என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன்: "நான் காட்டுறேன். உன் கையைப் பிடிச்சு நான்தான் காட்டுவேன். நீயே பாத்துக்க."

அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. லீவு கிடைக்கவில்லை. சமயபுரத்தில் பூச்சொரிதல் என்றால் ஸ்பெஷல் பஸ், சித்திரைத் தேர் என்றால் ஸ்பெஷல் பஸ், வைகுண்ட ஏகாதசி என்றால் கேட்கவே வேண்டாம். ஊரெல்லாம் சாமி பார்க்கப் போகும்போது நான் படியில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டிருப்பேன். லீவு கிடைத்த நாட்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அந்த நாட்களில் இன்னொரு பஸ்ஸில் ஏறி நாலு மணி நேரம் உட்கார என் உடம்பு ஒப்பவில்லை. மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன்.

அவள் விடவில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே, "கடலை எப்பப்பா காட்டுவ?" என்பாள். ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிவந்து, "இந்தா, கடலை. நல்லாப் பாத்துக்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சாகப்போகிற வேடிக்கை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் கேட்டபோதும் பொட்டலம். பொட்டலத்தாலேயே என் தொந்தியில் அடித்தாள். அதற்கப்புறம் பேசாமல் வாங்கித் தின்றாள். கடைசியில் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பொட்டலம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோடை லீவில் சகலையிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, ஒரு வண்டி புக் பண்ணியிருக்கேன். எல்லாருமா பாண்டிச்சேரி போறோம். பசங்களுக்குக் கடலக் காட்டிட்டு வந்துரலாம்."

மூன்று வருடம் நான் பொத்திவைத்ததை அவர் ஒரு வரியில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுத்தது அவருக்கே தெரியாது, அதுதான் கொடுமை. "சரிங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது. லீவு கேட்டேன். மூன்று வருடமாகக் கிடைக்காத லீவு ஒரே மூச்சில் கிடைத்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினோம். நாங்கள் மூன்று பேர், அவர்கள் மூன்று பேர், டிரைவர் ஒருவர். அவர்களுக்கு ஒரே பையன், ஏழு வயது. கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, சமயபுரத்தில் வண்டியை ஓரங்கட்டினார்கள். இவ்வளவு அழகான வண்டிக்குத் திருஷ்டி கழிக்காமல் போகக் கூடாது என்று என் மச்சினி பிடிவாதமாக இருந்தாள். நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்கள்.

"அண்ணன் வைக்கட்டும். வண்டி சமாச்சாரம் அவருக்குத்தான் தெரியும்" என்றார் சகலை.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்த வண்டிமேல் யார் கண் பட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். குனிந்து நாலு சக்கரத்துக்கும் என் கையாலேயே பழம் வைத்தேன். வண்டி நகர்ந்தது, பழம் நசுங்கியது. எனக்கு ஒன்றும் கழியவில்லை.

உள்ளே எனக்கு உட்காரத் தெரியவில்லை. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எனக்குப் பழக்கம் போய்விட்டது. சோபாவில் சாய்ந்தால் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருக்கும். எழுந்து மேலே கம்பியைத் தேடுவேன், கம்பி இருக்காது, பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி நின்று கிளம்பியபோது என் வாய் தானாக, "போலாம் ரைட்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பையன் மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"பெரியப்பா, விசில் அடிப்பீங்களா?"

இரண்டு விரலை மடித்து அடித்தேன். அவனுக்கும் மடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. காற்றும் எச்சிலும்தான் வந்தது. அதற்கப்புறம் அவன் என் சட்டையை விடவில்லை.

"என்னண்ணே இது, எம்மவன் உங்களையே சுத்துறான். என்னயக் கண்டுக்கவே மாட்டேங்குறான்" என்றார் சகலை சிரித்துக்கொண்டே. நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. என் கண் முன்பக்கம் இருந்தது. அங்கே என் மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்து, அது என்ன இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நானும் பொறுமைசாலிதான். ஒரு டிரிப்புக்கு நூறு பேருக்குப் பதில் சொல்கிறவன். வீட்டுக்கு வரும்போது அது தீர்ந்துபோயிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் என்னை "நீ" என்றுதான் கூப்பிடுவாள். "வாப்பா, போப்பா, நீ சொல்லு" என்பாள். அவள் அம்மாவுக்கும் எனக்கும் தவிர உலகத்தில் எல்லாருக்கும் "நீங்க"தான். மாமாவுக்கு நீங்க, டீச்சருக்கு நீங்க, சித்தி சித்தப்பாவுக்கு நீங்க. வீட்டுக்கு வந்தவர்கள், அப்பாவைப் போய் நீ வா என்கிறாளே என்று கேட்டால் நான் சிரித்து மழுப்புவேன். உள்ளுக்குள் அந்த "நீ" எனக்கென்று பட்டா போட்டுக் கொடுத்தது போல நினைத்திருந்தேன்.

பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பெண்கள் இருவரும் வண்டிக்குள்ளேயே காபி போட்டுக்கொண்டார்கள், அந்த அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. நான் கடையில் டீ வாங்கி நின்றேன். என் மகள் சகலையின் விரலைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் சித்தப்பா? கடலை எப்பக் காட்டுவீங்க?"

கடை முகப்பில் வேர்க்கடலைப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கின. அவர் ஒன்றைப் பிய்த்து அவள் கையில் வைத்தார். "எதுக்குச் சாயங்காலம் வரைக்கும்? இந்தா, இப்பவே கடலை."

நான் டீயை வாயில் வைத்தபடி நின்றேன். அது என் வேடிக்கை. நான் சொல்லிச் சொல்லிச் சாகடித்த வேடிக்கை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தமிழ் தெரிந்தவன் எவனுக்கும் தோன்றக்கூடியதுதான். என் மகள் முகத்தைச் சுளிப்பாள், "இது அப்பா சொல்ற பழைய ஜோக்கு" என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதல் தடவை என்னிடம் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே பொட்டலத்தால் அவர் தொடையில் ஒரு அடி போட்டு, "போ சித்தப்பா, நீ ரொம்ப மோசம்" என்றாள்.

நீ.

மிச்ச டீயைக் கீழே கொட்டினேன். கடைக்காரர், "டீ சரியில்லையாங்க?" என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

வண்டி கிளம்பியதும் மகளைப் பின்பக்கப் படுக்கைக்குக் கூட்டிப்போனேன். தூங்க வைக்கிற சாக்கு. திரையை இழுத்துவிட்டேன்.

"பாப்பா, நான் ஒண்ணு சொன்னாக் கேப்பியா?"

"சொல்லு."

"கடலு வர்றப்ப கண்ண மூடிக்கணும். நான் வந்து உன் கையப் பிடிச்சு, இப்பத் தொறன்னு சொல்லுவேன். அப்பதான் தொறக்கணும். யார் சொன்னாலும் தொறக்கக் கூடாது. சித்தப்பா சொன்னாலும்."

"ஏன்?"

"அப்பதான் நல்லாத் தெரியும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா சொன்னா?"

"அம்மா சொன்னாலும்."

"சத்தியமா?" என்று அவளே கையை நீட்டினாள். நான் அடித்துக்கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் செய்த சத்தியத்தை நிறைவேற்றாதவன் புதிதாக ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதில் எனக்குக் கூச்சமே இல்லை. விழுப்புரம் வரும்வரை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தேன், அன்று முதல் தடவையாக. என் மனைவி முறுக்கு டப்பாவை நீட்டினாள். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் நுழையும்போது ஐந்தே முக்கால். வெயில் தாழ்ந்து நல்ல வெளிச்சம். நேர் நேராகத் தெருக்கள், ஒவ்வொரு தெருவும் கடலில் போய் முடிகிறது என்றார் டிரைவர். என் மகள் உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கடற்கரைக்கு ஒரு தெரு முன்னால் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி போகக் கூடாது, இவ்வளவு பெரிய வண்டி இங்கே நிற்கவும் கூடாது, பின்னால் எடுங்கள் என்றார். தெருவோ குறுகல். இரண்டு பக்கமும் ஸ்கூட்டர், மேலே ஒரு மரக்கிளை. டிரைவருக்கு வேர்த்துவிட்டது.

அது என் வேலை. கீழே குதித்தேன். "எல்லாரும் இறங்கி நடங்க, நான் வண்டிய எடுத்து விட்டுட்டு வரேன்" என்றேன். பின்னால் போய் நின்று, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, வரலாம்" என்று கை காட்டி, நடுநடுவே விசில் அடித்தேன். போலீஸ்காரரே வேடிக்கை பார்த்தார். இறங்கி நின்ற சகலை, "அண்ணன் இருக்கிறப்ப வண்டிக்கு என்ன கவலை" என்றார். அன்று முழுவதும் நான் காத்திருந்த வார்த்தை அது. மகள் என்னைக் கடந்து போனாள். கண் மூடியிருந்தது, அம்மா கையைப் பிடித்திருந்தாள்.

"சீக்கிரம் வாப்பா" என்றாள், நான் இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் பார்த்து.

"இதோ வந்துட்டேன்."

தெருவை விட்டு வண்டி வெளியே வந்ததும் டிரைவர், "இனிமே நான் பாத்துக்கிறேன் சார், நீங்க போங்க" என்றார். போயிருக்கலாம். ஆறு கூட ஆகவில்லை. ஆனால் சகலை சொன்ன வார்த்தை காதில் இனித்துக்கொண்டிருந்தது. நான் இல்லாமல் வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வார்த்தை என்ன ஆவது? அதோடு, என்னைத் தேடட்டும் என்று ஒரு எண்ணம். கடலைக் காட்ட ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் நிற்கட்டும். "பரவால்ல, நானும் வரேன்" என்று ஏறிக்கொண்டேன்.

முதல் இடத்தில் விடவில்லை. இரண்டாவது இடத்தில் கேட் உயரம் போதவில்லை. சுற்றினோம். ஒரு சந்தில் ஏ.சி. பெட்டி கிளையில் மாட்டிக்கொண்டது. கூரைமேல் ஏறிக் கிளையை ஒதுக்கினேன். அப்போது போன் அடித்தது. என் மனைவி. எடுக்கவில்லை. எதற்கு அடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "வாங்க, எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா, அவரு என்னல்லாம் காட்டுறாரு தெரியுமா" என்பாள். அதைக் கேட்க எனக்கு மனசு இல்லை. சின்னப் பிள்ளை எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும், இந்நேரம் திறந்திருப்பாள், சித்தப்பா தோளில் உட்கார்ந்து கப்பல் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லி, எரிகிற இடத்தில் நானே எண்ணெய் ஊற்றிக்கொண்டேன். மறுபடியும் அடித்தது. கட் செய்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது சத்தத்தை அணைத்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டேன்.

கடைசியில் பூங்கா ஒன்றின் மதிலோரம் இடம் கிடைத்தது. பூட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, கீறல் இல்லை என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நடந்தேன். கடற்கரைச் சாலைக்கு வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். ஊரே அங்கே நடந்துகொண்டிருந்தது.

கடலோரச் சுவரில் எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று என் மகள். இன்னொன்று என் சகலை.

மனைவி வேகமாக எதிரே வந்தாள். "எத்தன தடவ போன் பண்றது உங்களுக்கு? இவ திரும்ப மாட்டேங்குறா. அப்பா வந்து காட்டினாத்தான் பாப்பேன்னு வந்ததுலேர்ந்து இப்படியே உக்காந்திருக்கா. நீங்க போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாத்திருப்பா."

பொய் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். ஐஸ்கிரீம் காட்டியும் திரும்பவில்லை, பையன் சுற்றிச் சுற்றி வந்து, "அக்கா, கப்பல் அக்கா, போயிரப் போகுது" என்று கெஞ்சியும் திரும்பவில்லை. என் மகள். கெலித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு பத்தடி தூரம் என்னோடு நடந்து வந்தது.

சகலை எழுந்து நின்றார். "வந்துட்டீங்களாண்ணே. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. சரி, எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப இது மட்டும் தனியா இந்தப் பக்கம் உக்காந்திருக்க வேணாமேன்னு நானும் திரும்பிட்டேன்."

அவர் திரும்பி உட்கார்ந்ததற்கும் எனக்குப் பொறாமை வந்தது. எனக்குத் தோன்றியிருக்குமா அது?

"அப்பா, வந்துட்டியா? திரும்பட்டுமா?" என் மகள் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் உட்கார்ந்ததில் முகம் சோர்ந்திருந்தது. ஆனால் கண் பளபளவென்று இருந்தது.

அவள் கையைப் பிடித்தேன். அவள் தலைக்கு மேலே அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் பின்னால் சாலை விளக்குகள் பளிச்சென்று எரிந்ததில், முன்னால் கருங்கற்களுக்கு அப்பால் ஒரே இருட்டு. எங்கேயோ கீழே தண்ணீர் கல்லில் மோதும் சத்தம். அவ்வப்போது வெள்ளையாக ஒரு கோடு வந்து உடனே அழிந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

"இப்பத் தொறன்னு சொல்லுப்பா" என்றாள். கண்ணை மறுபடியும் மூடியிருந்தாள், சொன்னபடி செய்வதற்காக.

"தொற."

திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கப்பா?"

"அதான். அங்க."

"இருட்டாத்தானே இருக்கு."

"சத்தம் கேக்குது பாரு."

"ம்."

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து என் தொந்தியில் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். காலையில் விடிந்ததும் கூட்டிவந்தால் எல்லாம் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் முதல் தடவை என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகத்தானே நான் இத்தனையும் செய்தேன். அந்த முதல் தடவைக்குள் என் மகள் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கரை இல்லை என்பதைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்க பாப்பா" என்றேன். எதற்கு என்று அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, "பரவால்லப்பா, நீ வண்டிய பாக்கப் போயிட்டே" என்றாள். பிறகு என் கையை விடாமலே அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, நீ வந்தப்ப வெளிச்சம் இருந்துச்சுல்ல? எப்படி இருந்துச்சுன்னு சொல்லேன்."

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு தூரம் அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தை ஏன் என் கையில் கொடுத்தார், வண்டிக்குக் கவலை இல்லை என்று ஏன் எல்லார் முன்னாலும் சொன்னார் என்பதும்.

"சொல்லட்டுமாண்ணே?" என்றார்.

"சொல்லுங்க தம்பி. நானும் பாக்கல."

அவர் மறுபடியும் சுவரில் உட்கார்ந்தார், இந்தத் தடவை கடலைப் பார்த்து. அவருடைய பையன் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நானும் கொஞ்ச நேரந்தான் பாத்தேன். பாத்த வரைக்கும் சொல்றேன். மொதல்ல கலரு. நீலம்னு நெனச்சிருப்ப. நீலம் இல்ல. உங்கம்மா காலையில கட்டியிருந்தாங்கல்ல, சாம்பலும் பச்சையுமா ஒரு பொடவ, அது வெயில்ல காயறப்ப ஒரு கலரு வரும் பாரு, அது. கிட்ட வர வர மண்ணு கலரு. அப்புறம் அந்தக் கரை. அந்தக் கரை இல்ல பாப்பா, நெசமாவே இல்ல. நானும் தேடிப் பாத்தேன். கண்ணு போற வரைக்கும் தண்ணி. அதுக்கு அப்புறம் ஒரு கோடு, அதுக்கு மேல வானம்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். என் மகள் என் கையைப் பிடித்தபடியே மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை மூடச் சொன்னது நான் இல்லை.